பள்ளிவாசல் முற்றத்தில் கமெலான்

ஜாவாத் தீவின் யோக்யகர்த்தா, சுரகர்த்தா நகரங்களில் ஆண்டுதோறும் ரபீஉல் அவ்வல் மாதத்தில் அரண்மனையிலிருந்து இரண்டு கமெலான் தொகுதிகள் பெரிய பள்ளிவாசலின் முற்றத்துக்குக் கொண்டுவரப்படுகின்றன. வெண்கலப் பலகைகளையும் கிண்ண வடிவ மணிகளையும் தொங்கும் பெருஞ் சேகண்டிகளையும் கொட்டி இசைக்கும் கூட்டு வாத்தியமே கமெலான். முற்றத்தின் வடக்கு, தெற்கு மண்டபங்களில் இருந்து ஏறத்தாழ ஒரு வாரம் இவை மாறி மாறி ஒலிக்கும். பிறை 12 அன்று மௌலித் ஊர்வலத்துடன் நிறைவுறும் இவ்விழாவின் பெயர் செக்காத்தென்.

தெமாக் அரசின் காலத்தில் ஒன்பது வலிமார்களுள் ஒருவரான சுனன் கலிஜாகா இதனைத் தொடங்கினார் என்பது மரபு. இசை கேட்க வந்தோர் கலிமாவை மொழிந்த பின்னரே உள்ளே அனுமதிக்கப்பட்டனராம். 'ஷஹாததைன்' என்னும் அரபு இருமைச் சொல்லே செக்காத்தென் எனத் திரிந்தது என்பர். எடையைக் குறிக்கும் 'காத்தி' என்ற சொல்லிலிருந்து பெயர் வந்தது என்பாரும் உளர். வலிமார்மீது நாம் கொண்ட மதிப்பு, பிற்காலத்தார் எழுதிவைத்த இச்செய்தியை நேர்ச்சான்றாகக் கொள்ள நம்மைத் தூண்டலாகாது.

சான்று தெளிவாக உள்ள இடங்களும் உண்டு. 1633இல் மத்தாராம் சுல்தான் அகுங், சக ஆண்டெண்ணிக்கையைக் கைவிடாமலே சந்திர மாதங்களை ஏற்றார். மௌலித் மாதம் ஜாவானிய நாட்காட்டியில் 'முலுத்' ஆயிற்று. 1755இல் கியாந்தி உடன்படிக்கை அரசை இரண்டாக்கியபோது, அரண்மனை மரபின்படி, கமெலான் இணையும் பிரிந்தது. பின்னர் ஒவ்வோர் அரண்மனையும் தனக்கு இல்லாத இணையைப் புதிதாகச் செய்துகொண்டது.

இசை ஆகுமா என்பதில் உலமாக்களிடையே கருத்து வேறுபாடு பழைமையானது; இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் இதற்கெனத் தனிப் பகுதியே வகுத்துள்ளார்கள். அவ்வழக்கைத் தீர்ப்பது இங்கு நம் நோக்கமன்று. ஜாவா மக்கள் தாமே வகுத்துக்கொண்ட எல்லையையே நாம் கவனிக்கிறோம். வாத்தியம் முற்றத்தோடு நிற்கிறது. தொழுகை நேரங்களில் ஓய்கிறது. வியாழன் மாலை முதல் ஜும்ஆ முடியும் வரை முற்றிலும் மௌனமாகிறது.

சேகண்டி ஓசையால் ஒரு நாடு இஸ்லாத்தைத் தழுவியது என்று எழுதுவது எளிது. ஆனால் கலிமா நுழைவுக் கட்டணமன்று. ஓசைக்கு வந்தவர் ஓசை அடங்கியதும் போய்விடக்கூடும். அவரை நிறுத்தி வைத்தது பெசந்த்ரன் எனப்படும் மதரஸாக்களில் தலைமுறை தலைமுறையாகக் கற்பித்த ஆசான்களின் உழைப்பு. கமெலான் வாசல் வரை அழைத்திருக்கலாம். உள்ளே நடந்ததையும் வரலாறு எழுத வேண்டும்.