வாய்ப் புற்றுநோயில் தாடை எலும்புப் பாதிப்பு

ஈறு, கன்னத்தின் உட்புறம், நாக்குக்கு அடியிலுள்ள வாய்த்தளம் ஆகிய இடங்களில் தோன்றும் புற்று, பக்கத்திலுள்ள தாடை எலும்பை அரித்து உள்ளே புகும் நிலை. எலும்பைத் தொட்டிருக்கிறதா, எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்பதைப் பொறுத்தே நோயாளியின் தாடை தப்புமா என்பது முடிவாகிறது.

ஈரோடு மாவட்டம் பவானியிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் வெற்றிலை போடுவது கல்யாண வீட்டிலிருந்து தறிக்குழி வரை சாதாரணம். சிக்கல், புகையிலையைக் கீழ்க் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே மணிக்கணக்கில் அடக்கி வைப்பதில் இருக்கிறது. அந்த இடுக்கில் வரும் புற்று இந்தியாவில் மிகுதி. அங்கிருந்து கீழ்த்தாடை எலும்பு சில மில்லிமீட்டர் தூரந்தான். புகையிலை சேர்ந்த வெற்றிலை புற்று உண்டாக்கும் என்று உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை 1985இல் அறிவித்தது. புகையிலை இல்லாத தாம்பூலமும், ஏன் வெறும் பாக்குமே அந்தப் பட்டியலில் சேரும் என்று 2004இல் அது வெளியிட்ட தொகுதி கூறுகிறது. ‘போயிலை இல்லாமத்தான் போடறேன்’ என்று சமாதானம் சொல்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

எலும்பைக் கரைப்பது புற்றுச் செல்கள் அல்ல. அவை சுரக்கும் பொருள்கள், உடலில் இயல்பாகவே உள்ள எலும்பு கரைக்கும் செல்களைத் தூண்டிவிடுகின்றன. கரைந்து உண்டான வழியில் புற்று நுழைகிறது. நிணநீர் நாளங்கள் வழியாகவே நோய் தாடைக்குப் போகிறது என்று ஒரு காலத்தில் நம்பியதால், எலும்பைத் தொடாத கட்டிக்குக்கூடத் தாடையை வெட்டினார்கள். நேரடியாக ஊடுருவித்தான் பரவுகிறது என்று 1971இல் மார்ச்செட்டா என்ற மருத்துவரின் குழுவினர் காட்டிய பிறகே அந்த வழக்கம் தளர்ந்தது. பல் உள்ளவர்களுக்குக் கட்டி ஈறோடு ஒட்டும் இடத்திலும், பல் போனவர்களுக்குத் தாடையின் மேல்விளிம்பிலும் புற்று நுழைவது வழக்கம்.

கண்டறிதல் மருத்துவரின் விரலிலிருந்து தொடங்குகிறது. கட்டி எலும்பின் மேல் நகர்கிறதா, ஒட்டி நிற்கிறதா என்று தடவிப் பார்ப்பார். காரணமில்லாமல் கடைவாய்ப் பல் ஆடுவதும் கீழுதடும் மோவாயும் மரத்துப்போவதும் முக்கியமான அறிகுறிகள். மரத்துப்போனால் எலும்புக்குள் ஓடும் நரம்பு வரை நோய் எட்டியிருக்கலாம். ஆடும் பல்லை உடனே பிடுங்கிவிடுவதுதான் இங்கே அடிக்கடி நடக்கும் தவறு. அடியில் புற்று இருந்தால் அந்தப் பல்குழியே அதற்கு வாசலாகிவிடும்; குழியும் ஆறாது.

தாடை முழுவதையும் காட்டும் ஓபிஜி எக்ஸ்ரே மலிவானது, ஆனால் சுமார் 30 விழுக்காடு தாதுச்சத்து கரைந்த பின்னரே அதில் மாற்றம் தெரியும். அது தெளிவாக இருக்கிறது என்பதால் எலும்பு நலம் என்று சொல்லிவிட முடியாது. மெல்லிய வெட்டுகளாக எடுக்கும் சி.டி. ஸ்கேன் எலும்பின் புறத்தகட்டு அரிப்பை நன்றாகக் காட்டும். கன்னத்தை உப்பிப் பிடிக்கச் சொல்லி எடுத்தால் கன்னமும் ஈறும் பிரிந்து தெரியும். எலும்பு மச்சைக்குள் நோய் எவ்வளவு பரவியது என்பதற்கு எம்.ஆர்.ஐ. சிறந்தது. ஆனால் வீக்கத்தையும் அழற்சியையும் புற்றாகக் காட்டி அது மிகைப்படுத்துவதுண்டு. சந்தேகம் மிஞ்சினால் அறுவையின்போது எலும்புறையை உரித்துப் பார்ப்பார்கள்.

2017இல் வெளியான அமெரிக்க நிலைப்படுத்தல் முறையின் 8ஆம் பதிப்பின்படி, புறத்தகட்டைத் துளைத்து உள்ளே சென்றால் கட்டி ‘டி4ஏ’ எனப்படும். ஈறில் தோன்றிய புற்று பல்குழியை மேலோட்டமாக அரித்திருப்பது மட்டும் அந்த நிலை ஆகாது.

எலும்புக்குள் புகுந்த புற்றுக்கு அறுவையே முதன்மைச் சிகிச்சை. எலும்புறையளவில் நின்றிருந்தால், அல்லது அரிப்பு மேலோட்டமாக இருந்தால், தாடையின் மேல்விளிம்பை மட்டும் சீவி எடுத்துக் கீழ்விளிம்பில் குறைந்தது 1 செ.மீ. விட்டுவைக்கலாம், முகத்தின் வடிவம் தப்பும். மச்சைக்குள் நோய் போயிருந்தால் அந்தத் துண்டை முழுதாக எடுக்க வேண்டும். பல் போய்த் தாடை மெலிந்த முதியவர்களுக்கும், முன்பு கதிர்வீச்சு பெற்றவர்களுக்கும் விளிம்பை மட்டும் எடுப்பது ஆபத்து, மிச்சம் முறிந்துவிடும். எலும்பின் வெட்டு ஓரத்தில் புற்று மிஞ்சியிருக்கிறதா என்பதை அறுவை அறையிலேயே உடனடிச் சோதனையில் உறுதிசெய்வது கடினம். எலும்பிலுள்ள சுண்ணாம்புச் சத்தை நீக்கிப் பார்க்க நாள்கள் ஆகும். அதனால் ஸ்கேனில் தவறவிட்டது மேசையில் அகப்படும் என்று நம்பியிருக்க முடியாது. கழுத்து நிணநீர்க் கணுக்களையும் பெரும்பாலும் சேர்த்தே எடுப்பார்கள்.

தாடைத்துண்டு போன இடத்தில் கெண்டைக்காலின் வெளிப்பக்கத்து மெல்லிய எலும்பை இரத்தக்குழாயோடு எடுத்துப் பொருத்துகிறார்கள். 1975இல் டெய்லர் என்ற அறுவை மருத்துவர் காலுக்குச் செய்ததை, 1989இல் ஹிடால்கோ என்ற அறுவை மருத்துவர் தாடைக்குக் கொண்டுவந்தார். உடல் எடையைப் பெரும்பாலும் தாங்குவது அதன் பக்கத்திலுள்ள பெரிய எலும்பு என்பதால் நோயாளி மறுபடி நடக்கலாம். இந்த எலும்பு மாற்றத்துக்குத் தகுதியில்லாதவர்களுக்கு மார்புத்தசையும் டைட்டானியத் தகடும் உதவும். மேல்தாடை போனால் ஓட்டையை மூடும் செயற்கை அண்ணம் பொருத்துவர். பிறகு தேவைப்படுவோருக்குச் சுமார் 60 கிரே கதிர்வீச்சு, வழக்கமாக 6 வாரத்துக்குள் தொடங்கும். கெட்ட பற்களை அதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும். கதிர் பட்ட தாடையில் பின்னால் பல் எடுத்தால் எலும்பு மடிந்துபோகும் அபாயம் உண்டு.

2023இல் தமிழக அரசு தொடங்கிய சமூக அளவிலான புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டத்தின் முதல் 4 மாவட்டங்களில் ஈரோடும் ஒன்று. வாய்ப் புற்றும் அதில் அடக்கம். பவானிக்காரர்களுக்குப் பெருந்துறையில் அரசு ஈரோடு மருத்துவக் கல்லூரியும், அதற்கப்பால் கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் இருக்கின்றன. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டில் புற்றுநோய் அறுவைக்கும் இடமுண்டு. 3 வாரமாகியும் ஆறாத வாய்ப்புண்ணோ, காரணமின்றி ஆடும் பல்லோ இருந்தால், பிடுங்கச் சொல்லுமுன் வாய் முழுவதையும் பார்க்கச் சொல்லுங்கள். எத்தனை வருடம் புகையிலை போட்டீர்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.