இட்ஸ்: ஒரு சின்னக் கொக்கியின் 400 வருஷக் கதை

இன்னைக்கு எபிசோட்ல ஒரு சிக்கல் இருக்கு. நான் பேசப்போற ரெண்டு வார்த்தையும் காதுக்கு ஒரே மாதிரிதான் கேட்கும். இட்ஸ், இட்ஸ். எழுதும்போதுதான் வித்தியாசம் தெரியும். ஒண்ணுல எஸ் எழுத்துக்கு முன்னாடி, மேல ஒரு சின்னக் கொக்கி தொங்கும். அதுதான் அப்பாஸ்ட்ரஃபி. கொக்கி இருந்தா 'இட் இஸ்' அல்லது 'இட் ஹேஸ்' என்பதன் சுருக்கம். கொக்கி இல்லைன்னா 'அதனுடைய'ன்னு அர்த்தம்.

ஆபீஸ் மெயில்ல இதை மாத்திப் போட்டா என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும். யாராவது ஒருத்தர் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து குரூப்ல போடுவார். ரெஸ்யூமேல மாட்டினா, "இதுகூடத் தெரியாதா, எங்க படிச்சாங்க?"ன்னு பேச்சு வரும். ஒரு கொக்கியை வெச்சு ஒரு மனுஷனோட படிப்பையே எடை போடுறோம். அந்த எடைக்கல்லு எங்க இருந்து வந்ததுன்னு தேடிப் போனப்போ எனக்குக் கிடைச்ச கதைதான் இது.

முதல் ஆச்சரியம்: ரொம்ப காலம் ஆங்கிலத்துல இட்ஸ்ங்கற வார்த்தையே கிடையாது. பழைய ஆங்கிலத்துல ஆணுக்கும் அஃறிணைக்கும் உடைமைச் சொல் ஒண்ணுதான், 'ஹிஸ்'. 1611ல் வந்த கிங் ஜேம்ஸ் பைபிளோட முதல் பதிப்புல இட்ஸ் ஒரு இடத்துலகூட இல்லை. உப்பு அதோட சுவையை இழக்கறதைப் பத்திச் சொல்ற இடத்துல, உப்புக்கும் 'ஹிஸ்'தான் போட்டிருக்காங்க.

இட்ஸ் மெல்லத் தலைகாட்ட ஆரம்பிச்சது 16ஆம் நூற்றாண்டோட கடைசியிலதான். வந்தப்போ எப்படி வந்தது தெரியுமா? பெரும்பாலும் கொக்கியோட. 1623ல், ஷேக்ஸ்பியர் இறந்து 7 வருஷம் கழிச்சு, அவரோட நாடகங்களைத் தொகுத்து ஃபர்ஸ்ட் ஃபோலியோன்னு போட்டாங்க. அதுல 'அதனுடைய'ங்கற பொருள்ல கொக்கி போட்ட இட்ஸ் வருது. இன்னைக்கு நாம தப்புன்னு சிவப்புக் கோடு போடுற அதே வடிவம்!

அப்போ குழப்பம் வரலையான்னு கேட்பீங்க. வரலை. ஏன்னா 'இட் இஸ்'ஐச் சுருக்க அவங்ககிட்ட வேற வார்த்தை இருந்தது. முன்னாடி இருக்கிற 'இ'யை விழுங்கி 'டிஸ்'னு சொன்னாங்க. கொக்கியும் அந்த 'இ' இருந்த இடத்துல, வார்த்தையோட தலையில போய் உட்கார்ந்தது. சுருக்கத்துக்கு டிஸ், உடைமைக்குக் கொக்கி போட்ட இட்ஸ். பிரச்சினை இல்லை.

18ஆம் நூற்றாண்டுல டிஸ் மெல்ல ஓரம் கட்டப்பட்டு, அந்த வேலையையும் கொக்கி போட்ட இட்ஸ் எடுத்துக்குது. இப்போ ஒரே வடிவத்துக்கு ரெண்டு வேலை. பழைய பழக்கம் அவ்வளவு சீக்கிரம் போகுமா? 1787ல் எழுதின அமெரிக்க அரசியல் சட்டத்தை எடுத்துப் பாருங்க. முதல் ஷரத்து, 10ஆவது பிரிவு. மாநிலங்கள் ஏற்றுமதி இறக்குமதிக்கு வரி போடுறதைப் பத்தின இடம். ஒரு மாநிலம் தன்னுடைய சோதனைச் சட்டங்களை நடைமுறைப்படுத்தறது பத்தி அங்க வருது. அந்தத் 'தன்னுடைய'வுக்குக் கொக்கி போட்ட இட்ஸ்தான். ஜேன் ஆஸ்டினும் தன் கையெழுத்துல உடைமைக்குக் கொக்கி போட்டிருக்காங்க. 19ஆம் நூற்றாண்டு நகர நகரத்தான், சுருக்கத்துக்குக் கொக்கி, உடைமைக்குக் கிடையாதுன்னு அச்சுல நிலைச்சுப் போச்சு.

இதுல இன்னொண்ணையும் கவனிங்க. "ரவியோட புக்"னு ஆங்கிலத்துல எழுதினா ரவிக்குப் பின்னாடி கொக்கி உண்டு. பூனையோட வால்னா பூனைக்கும் கொக்கி உண்டு. அப்போ 'அதோட வால்'னா அதுக்கும் கொக்கி போடணும்னு ஒரு மாணவி நினைச்சா, அவ யோசிக்காம எழுதலை. படிச்ச விதியை ஒழுங்கா நீட்டிப் பார்த்திருக்கா. விதிதான் பாதி வழியில திரும்பிடுச்சு.

சரி, இந்த மாதிரி விஷயங்களுக்கு 'தப்பு'ங்கற முத்திரை எப்போ இவ்வளவு அழுத்தமா விழுந்தது? 1762ல் ராபர்ட் லவுத்ங்கற பாதிரியார் ஒரு ஆங்கில இலக்கண நூல் எழுதினார். பின்னாடி லண்டன் பிஷப் ஆனவர். அவர் அடிக்குறிப்புகள்ல ஷேக்ஸ்பியர், மில்டன், ஸ்விஃப்ட்னு பெரிய பெரிய ஆட்களோட வரிகளை எடுத்துத் தப்பு காட்டினார். 1795ல் லிண்ட்லி மர்ரே, அமெரிக்காவுல வக்கீலா இருந்து இங்கிலாந்துல குடியேறினவர், யார்க் நகரத்துப் பெண்கள் பள்ளிக்காக ஒரு இலக்கணப் புத்தகம் எழுதினார். அது பதிப்பு மேல பதிப்பா வித்தது. வியாபாரத்துல பணம் பார்த்த குடும்பங்கள் மேல் தட்டு மனுஷங்க மாதிரிப் பேசவும் எழுதவும் ஆசைப்பட்ட காலம் அது. இலக்கணம் சரியா இருக்கறது நல்ல சட்டை போட்டுக்கற மாதிரி ஆச்சு. சட்டை இல்லாதவனைப் பார்த்துச் சிரிக்கிற வழக்கமும் கூடவே வந்தது.

சில விதிகள் ஒரு ஆளோட விருப்பத்துல இருந்தே வந்தவை. எண்ணக்கூடிய பொருளுக்கு 'ஃப்யூவர்', எண்ண முடியாததுக்கு 'லெஸ்'னு ஸ்கூல்ல படிச்சிருப்பீங்க. 9ஆம் நூற்றாண்டுல ஆல்ஃபிரட் மன்னர் காலத்துலயே எண்ணக்கூடியதுக்கும் லெஸ் போட்டிருக்காங்க. 1770ல் ராபர்ட் பேக்கர்ங்கறவர், ஃப்யூவர் போட்டா இன்னும் நல்லா இருக்கும்னு தனக்குத் தோணுதுன்னுதான் எழுதினார். அந்த 'தோணுது' நாளடைவுல சட்டமாயிடுச்சு. 2008ல் பிரிட்டன்ல டெஸ்கோ சூப்பர்மார்க்கெட், கேஷ் கவுன்ட்டர் பலகையில இருந்த "10 ஐட்டம்ஸ் ஆர் லெஸ்" மேல வந்த புகாரால, "அப் டு 10 ஐட்டம்ஸ்"னு மாத்துச்சு. ரெண்டு பக்கத்துக்கும் சண்டை வேண்டாம்னு!

அப்போ இலக்கணமே வேண்டாமான்னு கேட்டா, நான் அப்படிச் சொல்லலை. ரோட்டுல இடது பக்கம் போகணும்ங்கறதும் மனுஷன் போட்ட விதிதான். அதுக்காக நாம வலது பக்கம் வண்டி ஓட்டறதில்லை. அதனால மெயில் அனுப்பறதுக்கு முன்னாடி ஒரு சின்ன சோதனை பண்ணுங்க. இட்ஸ் வர்ற இடத்துல 'இட் இஸ்' அல்லது 'இட் ஹேஸ்' போட்டுப் படிங்க. அர்த்தம் வந்தா கொக்கி போடுங்க. வரலைன்னா விட்டுடுங்க. தமிழ்ல யோசிச்சா இன்னும் சுலபம்: 'அதன்'னு வந்தா கொக்கி கிடையாது.

ஆனா நீங்க இன்டர்வியூ எடுக்கிற நாற்காலியில உட்காரும்போது, எதிர்ல இருக்கறவங்க ரெஸ்யூமேல ஒரு கொக்கி இடம் மாறி இருந்தா, திருத்திக் கொடுங்க. அவங்களுக்கு வேலை தெரியுமான்னு தனியா கேளுங்க. அந்தக் கொக்கி அதைச் சொல்லாது. அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்.