காவிரியில் பரிசல், கரையில் கேம்ப்... திருச்சியில் சம்மர் ட்ரிப் போடும் முன் தெரிஞ்சுக்க வேண்டியவை!

கோடை விடுமுறை வந்துவிட்டால் திருச்சி வாட்ஸ்அப் குரூப்களில் ஒரு பிளான் சுற்ற ஆரம்பிக்கும். முக்கொம்பில் பரிசல் ஏறி, ராத்திரி மணல் திட்டில் டென்ட் அடித்து, மறுநாள் கல்லணை போய்ச் சேர்வது. கேட்க ஜோராகத்தான் இருக்கிறது. ஆனால் டென்ட், வாடகை, சாப்பாடு என்று கணக்குப் போடும் முன்பு பார்க்க வேண்டியது மேட்டூர் அணை நிலவரத்தை. ஏன்?

மேட்டூருக்கும் முக்கொம்புக்கும் என்ன சம்பந்தம்?

மேட்டூரிலிருந்து சுமார் 177 கி.மீ. கீழே இருக்கிறது முக்கொம்பு மேலணை. காவிரி இங்கேதான் இரண்டாகப் பிரிகிறது. தெற்கே காவிரி, வடக்கே கொள்ளிடம், நடுவில் ஸ்ரீரங்கம் தீவு. பாசனத் தண்ணீர் காவிரியில் போகும். வெள்ளம் வந்தால் கொள்ளிடத்தில் திருப்பிவிடுவார்கள்.

டெல்டா பாசனத்துக்காக மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12ல் திறக்கப்பட்டு, ஜனவரி 28ல் மூடப்படும். ஆக, லீவு நாட்களான ஏப்ரல், மே மாதங்களில் ஆற்றில் தண்ணீர் குறைவு. பல இடங்களில் பரிசல் தரைதட்டும். தலையில் தூக்கிக்கொண்டு மணலில் நடக்க வேண்டியதுதான். பாசனத் தண்ணீர் வந்த பிறகோ இழுப்பு அதிகம். பழக்கமில்லாதவர்களுக்கு ரெண்டுமே சிக்கல்.

இந்தத் தேதியும் நிரந்தரம் கிடையாது. 2022ல் மே 24ஆம் தேதியே அணை திறக்கப்பட்டது. 2024ல் ஜூலை 28 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மேட்டூரில் திறக்கும் தண்ணீர் முக்கொம்பு வந்து சேர சுமார் மூன்று நாள் ஆகும். அதனால், 'திருச்சியில மழையே இல்லையே' என்று வானத்தைப் பார்த்து முடிவெடுக்க முடியாது. கிளம்புவதற்கு நான்கு நாள் முன்பிருந்தே அணை நீர்வரத்து, நீர் திறப்புச் செய்திகளைத் தினமும் பார்க்க வேண்டும்.

'கன அடி' என்றால் எவ்வளவு?

செய்திகளில் வரும் ஒரு கன அடி என்பது விநாடிக்கு சுமார் 28 லிட்டர். 1,000 கன அடி என்றால், 12,000 லிட்டர் தண்ணீர் லாரிகள் இரண்டுக்கும் மேல் ஒவ்வொரு விநாடியும் கடந்து போவதற்குச் சமம். 

தண்ணீர் குறைவா இருந்தா பயமில்லையா?

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். 2023 மே மாதம், ஸ்ரீரங்கம் கொள்ளிடத்தில் குளிக்கப் போன வேதபாடசாலை மாணவர்கள் நீரில் மூழ்கி இறந்தனர். அதுவும் கோடைதான்.

மணல் அள்ளிய இடங்களில் ஆழமான பள்ளங்கள் இருக்கும். முழங்கால் அளவு தண்ணீரில் நடப்பவர் அடுத்த அடியில் ஆள் மூழ்கும் குழிக்குள் போய்விடலாம். தடுப்பணைக்குக் கீழே விழும் தண்ணீர் திரும்பி உள்ளே இழுக்கும். நன்றாக நீச்சல் தெரிந்தவர்கூட அதிலிருந்து வெளியே வருவது கஷ்டம். காவிரி, கொள்ளிடத்தில் முதலைகளும் உண்டு. எச்சரிக்கை பலகை இருக்கும் துறையில் இறங்கவே கூடாது.

நைட் எங்கே தங்கலாம்?

ஆற்றுக்குள் இருக்கும் மணல் திட்டில் மட்டும் வேண்டாம். மேலே ஷட்டர் திறந்தால் தூங்குபவர்களுக்குத் தெரியாது. நாலு பக்கமும் தண்ணீர் சூழ்ந்த பிறகு வெளியே வர வழியும் இருக்காது.

காலையில் ஆறு, ராத்திரி கரை என்று பிரித்துக்கொள்வது நல்லது. ஸ்ரீரங்கத்தில் கொள்ளிடக் கரையோரம் அறநிலையத்துறையின் யாத்ரி நிவாஸ் இருக்கிறது, குழுவாகத் தங்கலாம். முன்பதிவு முக்கியம். தனியார் கேம்ப் என்றால், அது சுற்றுலாத் துறையில் பதிவு பெற்றதா என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.

படகு சவாரிதான் முக்கியம் என்றால்?

திருச்சியை விட்டுக் கொஞ்சம் வெளியே போகலாம். சிதம்பரம் அருகே பிச்சாவரத்தில், சதுப்புநிலக் காடுகளுக்கு நடுவே சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் துடுப்புப் படகுகள் ஓடுகின்றன. கடலோரக் கழிமுகம் என்பதால் கோடையிலும் தண்ணீர் இருக்கும். ஒகேனக்கல்லில் லைஃப் ஜாக்கெட்டுடன் பரிசல் சவாரி உண்டு. நீர்வரத்து கூடினால் மாவட்ட நிர்வாகம் தடை போட்டுவிடும் என்பதால், அன்றைய நிலவரம் பார்த்துக் கிளம்ப வேண்டும்.

குரூப்பில் யார் என்ன செய்யணும்?

* ஒருவர் அணை நிலவரத்தைப் பார்க்கணும். அவர் 'வேண்டாம்' என்றால் ட்ரிப் கேன்சல். அதில் ஓட்டெடுப்பு கிடையாது. இதை முன்பணம் கட்டுவதற்கு முன்பே எல்லோரும் ஒத்துக்கொள்ள வேண்டும்.
* தலைக்கு ஒரு லைஃப் ஜாக்கெட். நீச்சல் தெரிந்தவருக்கும் சேர்த்துத்தான்.
* இறங்கும் இடத்தைப் பற்றி உள்ளூர் மீனவர்கள், பரிசல்காரர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.
* காலை 6 முதல் 10 மணிக்குள் ஆற்றை விட்டு வெளியே வந்துவிடுங்கள். அக்னி நட்சத்திர வெயிலில் திருச்சி மணல் காலைச் சுட்டுவிடும்.
* குடிக்கத் தலைக்கு நான்கு லிட்டர் தண்ணீர். சாப்பாட்டுக்குப் புளிசாதம், எலுமிச்சை சாதம் தாங்கும்.
* மது கூடவே கூடாது.
* எத்தனை பேர், எங்கே, எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று வீட்டில் ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

யாராவது மாட்டிக்கிட்டா?

உடனே குதிப்பதுதான் பெரிய தப்பு. காப்பாற்றப் போனவரும் சேர்ந்து மூழ்குவது அடிக்கடி நடக்கிறது. 2020 ஆகஸ்டில் பெரம்பலூர் மாவட்டம் கோட்டரை நீர்த்தேக்கத்தில் நான்கு இளைஞர்கள் தத்தளித்தபோது, அங்கிருந்த மூன்று பெண்கள் தங்கள் சேலைகளை வீசி இருவரை மீட்டார்கள். தமிழக அரசு அவர்களுக்குக் கல்பனா சாவ்லா விருது வழங்கியது. கயிறு, வேட்டி, துடுப்பு, மூங்கில் என எது கிடைத்தாலும் கரையிலிருந்து நீட்டுங்கள். காலி பிளாஸ்டிக் கேனை மூடி எறிந்தாலும் பிடித்துக்கொண்டு மிதக்கலாம்.

அவசர உதவிக்கு 112, ஆம்புலன்ஸுக்கு 108, மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறைக்கு 1077. கிளம்பும் முன் எல்லோர் போனிலும் இந்த எண்களைப் பதிவு செய்துகொள்ளுங்கள்.