முதலிடம் என்னும் ஏற்பாடு: மகளிர் ஸ்குவாஷ் தரவரிசையின் வரலாறு

மகளிர் ஸ்குவாஷ் ஆட்டத்தின் வரலாற்றில் உலகத் தரவரிசை மிகவும் பிந்தி வந்த ஒன்று. பிரிட்டிஷ் ஓப்பன் மகளிர் போட்டி 1922-இல், அதாவது ஆடவருக்கான போட்டி தொடங்குவதற்கு எட்டு ஆண்டுகள் முன்னதாகவே, இங்கிலாந்தில் தொடங்கியது. 1934-இல் அந்நாட்டு வீராங்கனைகளுக்கெனத் தனிச் சங்கமும் அமைந்தது. ஆயினும், பல நாட்டு வீராங்கனைகளை ஒரே பட்டியலில் நிறுத்தி எண் கொடுக்கும் தேவை அடுத்த அரை நூற்றாண்டுக்கு எழவில்லை. பிரிட்டிஷ் ஓப்பனை வென்றவரே உலகின் தலைசிறந்தவர் என்று கொள்ளப்பட்டார்; அதற்கு மேல் கணக்கு எதுவும் கேட்கப்படவில்லை.

அவ்வாறு கொள்வதற்கு வசதியாக ஒருவர் இருந்ததும் உண்மை. ஆஸ்திரேலியாவின் ஹெதர் மெக்கே, ஹாக்கி ஆடுவதற்கான உடல்தகுதியைப் பேணும் பொருட்டு ஸ்குவாஷுக்கு வந்து, 1962 முதல் 1977 வரை பதினாறு முறை தொடர்ந்து பிரிட்டிஷ் ஓப்பனை வென்றார். தம் ஆட்ட வாழ்வு முழுவதிலும் அவர் தோற்றவை இரண்டே ஆட்டங்கள். அவ்விரண்டும் 1962-க்குள் முடிந்துவிட்டன. 1968 இறுதி ஆட்டத்தில் சக நாட்டவரான பெவ் ஜான்சனை அவர் 9–0, 9–0, 9–0 என வென்றார். சர்வ் போடுபவர் மட்டுமே புள்ளி பெறக்கூடிய அக்கால விதிப்படி, எதிராளி ஒரு புள்ளிகூட எடுக்காமல் வெளியேறினார் என்பது இதன் பொருள். 1976-இல் பிரிஸ்பேனில் நடந்த முதல் மகளிர் உலக ஓப்பனையும், 1979-இல் நடந்த இரண்டாவதையும் வென்ற பின் அவர் விலகியபோது, அவர் பெயருக்குப் பக்கத்தில் எழுதத் தரவரிசை எண் என்று ஒன்று இருக்கவில்லை.

ஒப்பற்ற ஒருவர் நீங்கிய பின்புதான் ஒப்பீடு தேவைப்பட்டது. பரிசுப் பணத்துக்காக நாடு நாடாகச் சென்று ஆடும் பெண்கள் பெருகியபோது, போட்டி நிரலில் வலுவானவர்கள் தொடக்கச் சுற்றிலேயே மோதிக்கொள்ளாதபடி பிரித்து வைக்கும் ‘சீடிங்’ முறைக்கு, எல்லா நாட்டினரும் ஏற்கும் அளவுகோல் ஒன்று வேண்டியிருந்தது. 1980-களின் முற்பகுதியில் வீராங்கனைகள் தாமே கூடி அமைத்த சர்வதேச மகளிர் ஸ்குவாஷ் வீராங்கனைகள் சங்கம், சுருக்கமாக ‘விஸ்பா’, அந்த அளவுகோலைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. தரவரிசையை ஏதோ புறநிலையான அளவீடாக எண்ணுவோர் இதைக் கவனிக்க வேண்டும்: இது உழைப்பவர்கள் தங்கள் தொழிலை ஒழுங்குபடுத்திக்கொள்ள உண்டாக்கிய கருவி.

கருவியின் அமைப்பு எளியது. போட்டியின் தகுதிக்கும் எட்டிய சுற்றுக்கும் ஏற்பப் புள்ளிகள் தரப்படும். கடந்த பன்னிரண்டு மாதப் புள்ளிகளைக் கூட்டி, ஆடிய போட்டிகளின் எண்ணிக்கையால் வகுத்துச் சராசரி காணப்படும். ஓரிரு போட்டிகளை மட்டும் வென்றுவிட்டு வீட்டில் அமர்ந்து உயர்ந்த சராசரியை அனுபவிக்க இயலாதபடி, வகுக்கும் எண்ணுக்குக் கீழ்வரம்பு ஒன்று உண்டு. ஓராண்டுக்கு முந்தைய வெற்றி கணக்கிலிருந்து தானே உதிர்ந்துவிடும் என்பதால், முதலிடத்தில் இருப்பவர் அங்கேயே இருக்க வேண்டுமானால் சென்ற ஆண்டு வென்றதை இந்த ஆண்டும் வென்றாக வேண்டும்.

தொடக்ககாலப் பட்டியல்களின் உச்சியில் ஆஸ்திரேலியாவின் விக்கி கார்ட்வெல் இருந்தார். அவருக்குப் பின் நியூசிலாந்தின் சூசன் டெவாய், நான்கு உலகப் பட்டங்களுடன் அவ்விடத்தைப் பெரும்பாலும் தம்மிடமே வைத்திருந்து 1992-இல் ஓய்வு பெற்றார். தொடர்ந்து மிஷெல் மார்ட்டின், சாரா ஃபிட்ஸ்-ஜெரால்ட், கேரல் ஓவன்ஸ் எனப் பலர் வந்தனர். இவர்களுள் ஓவன்ஸ், 2000-இல் ஆஸ்திரேலியாவுக்காகவும் 2003-இல் நியூசிலாந்துக்காகவும் உலகப் பட்டம் வென்றவர்.

பினாங்கில் பிறந்த மலேசியரான நிக்கோல் டேவிட் 2006 ஜனவரியில் முதலிடத்தை எட்டிச் சில மாதங்களில் இழந்து, ஆகஸ்டில் மீட்டார். அதன் பின் 108 மாதங்கள் அது கைமாறவில்லை. சென்னையில் பயிற்சி பெற்ற தீபிகா பள்ளிக்கல் 2012 டிசம்பரில் முதல் பத்து இடங்களுக்குள் நுழைந்த முதல் இந்தியப் பெண்ணானபோதும், ஜோஷ்னா சின்னப்பா 2014-இல் அவருடன் சேர்ந்து கிளாஸ்கோ காமன்வெல்த் இரட்டையர் தங்கத்தை வென்றபோதும், பட்டியலின் உச்சியில் நிக்கோலே இருந்தார். 2014 டிசம்பரில் கெய்ரோவில் நடந்த உலகப் போட்டி இறுதியில், எகிப்தின் ரனீம் எல் வெலிலி நான்காவது ஆட்டத்தில் 10–6 என முன்னிலை பெற்று, ஒரே ஒரு புள்ளி எடுத்தால் பட்டம் என்று நின்றார். நிக்கோல் அந்த நான்கு வாய்ப்புகளையும் முறியடித்து, ஐந்தாவது ஆட்டத்தில் தம் எட்டாவது உலகப் பட்டத்தைப் பெற்றார்.

2015 தொடக்கத்தில் மகளிர் சங்கம் ஆடவர் தொழில்முறைச் சங்கத்துடன் இணைந்தது. அவ்வாண்டே, முன்சுவரின் அடியில் பந்து படக்கூடாத ‘டின்’ எனப்படும் தகரப் பட்டையின் உயரம் மகளிர் ஆட்டத்தில் 19 அங்குலத்திலிருந்து, ஆடவருக்கு இருந்த 17 அங்குலத்துக்குக் குறைக்கப்பட்டது. தாழ்வாக அடித்து முடிக்கும் ஆட்டத்துக்கு இது சாதகம். ஓடி ஓடிப் பந்தை எடுத்து எதிராளியைக் களைக்கச் செய்யும் நிக்கோலின் முறைக்கு அவ்வளவாக அல்ல. 2015 செப்டம்பரில் எல் வெலிலி முதலிடத்துக்கு வந்தார். ஒன்பது ஆண்டு ஆட்சி இரண்டு அங்குலத்தால் முடிந்தது என்பது மிகைக்கூற்று. கெய்ரோவிலேயே இடைவெளி குறைந்துவிட்டிருந்தது. அப்பொழுதிலிருந்து, 2016-இல் சிறிது காலம் இருந்த இங்கிலாந்தின் லாரா மசாரோ நீங்கலாக, நூர் எல் ஷெர்பினி, நூரான் கோஹர் என அந்த இடம் எகிப்தியரிடையிலேயே சுற்றி வந்தது.

2020 மார்ச்சில் பெருந்தொற்றால் போட்டிகள் நின்றுபோக, பட்டியலும் நிறுத்தி வைக்கப்பட்டது. முதலிடத்தில் இருந்த எல் வெலிலி அவ்வாண்டு ஜூனில் ஓய்வை அறிவித்தார். போட்டிகள் மீண்டும் தொடங்கியது செப்டம்பரில்தான் என்றாலும், ஒரு பந்தும் அடிக்கப்படாத ஜூலை மாதத்திலேயே நூரான் கோஹர் உலகின் முதல்நிலை வீராங்கனை ஆனார்.