இரண்டு கார்கள், நூற்றறுபது நாள்கள்

சென்ற வாரம் வெலிக்கடைச் சிறையின் மதிலோரம் நிறுத்தியிருந்தோம். 1983 ஜூலை 25, 27 ஆகிய இரு நாள்களில் 53 தமிழ்க் கைதிகள் அந்த மதிலுக்குள், அரசின் காவலில் இருந்தபோதே கொல்லப்பட்டார்கள். அதற்காக இன்றுவரை ஒருவர்கூடத் தண்டிக்கப்படவில்லை. அங்கிருந்து பொரளைச் சந்தியைத் தாண்டி நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில் ஒரு மூலை இருக்கிறது. ரொஸ்மீட் பிளேஸும் கின்சி டெரஸும் சந்திக்கும் இடம். இந்த வாரம் அங்கே தொடங்குவோம்.

1999 ஜூலை 29, வியாழக்கிழமை காலை. சட்டத்தரணியும் பாராளுமன்ற உறுப்பினருமான நீலன் திருச்செல்வம் வழக்கம்போலக் காரில் அலுவலகத்துக்குப் போய்க்கொண்டிருந்தார். வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் இடையே சில நிமிடத் தூரந்தான். அந்த மூலையில் தற்கொலைக் குண்டுதாரி ஒருவர் காரை நெருங்கி வெடித்தார். நீலனுக்கு அப்போது 55 வயது. விடுதலைப் புலிகளே செய்தார்கள் என்று பரவலாகக் குற்றம் சாட்டப்பட்டது. அவர்கள் உரிமை கோரவில்லை.

சரியாக 160 நாள்கள் கழித்து, 2000 ஜனவரி 5 அன்று, வெள்ளவத்தையில் இன்னொரு கார். உள்ளே சுடப்பட்டுக் கிடந்தவர் குமார் பொன்னம்பலம். அகில இலங்கைத் தமிழ்க் காங்கிரஸின் தலைவர். 1982 ஜனாதிபதித் தேர்தலில் 173,934 வாக்குகள் பெற்றவர். புலிகள் பக்க நியாயத்தைக் கொழும்பில் இருந்துகொண்டே உரத்துப் பேசியவர். இறந்த பின் புலிகள் அவருக்கு மாமனிதர் பட்டம் அளித்தார்கள்.

ஒரே நகரம், ஒரே சட்டத் தொழில், ஒரே மொழி. அரசியலில் மட்டும் இருவரும் எதிரெதிர்க் கரை. நீலனைக் கொன்றவர்களும் குமாரைக் கொன்றவர்களும் ஒரு மேசையில் உட்கார்ந்து பேசியிருக்க முடியாது. ஆனால் இந்த இருவரின் தந்தையர் அப்படி ஒரு மேசையில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

*

அது 1976. தனித் தமிழீழம் கோரிய வட்டுக்கோட்டைத் தீர்மானத்தின் துண்டுப்பிரசுரத்தை விநியோகித்தார்கள் என்று அ. அமிர்தலிங்கம் உள்ளிட்ட தமிழர் விடுதலைக் கூட்டணித் தலைவர்கள் மீது வழக்கு. ஜூரிகள் இல்லாமல் மூன்று நீதிபதிகள் விசாரிக்கும் ‘ட்ரயல் அட் பார்’. எதிரிகள் தரப்பில் எழுந்து நின்றவர்களைப் பார்த்துக் கொழும்பே திகைத்தது. தந்தை செல்வா எனப்படும் செல்வநாயகம், குமாரின் தந்தை ஜி. ஜி. பொன்னம்பலம், நீலனின் தந்தை மு. திருச்செல்வம் என்று மூன்று கியூ.சி. அப்புக்காத்துகள், அவர்களுக்குப் பின்னால் பெரிய சட்டத்தரணிப் பட்டாளம். 1949-இல் கட்சி உடைந்ததிலிருந்து மேடைக்கு மேடை மோதிக்கொண்ட காங்கிரஸும் தமிழரசும் ஒரு பக்கத்து வாங்கில் அமர்ந்தன. அவசரகால விதிகள் செல்லுபடியாகுமா, அந்த நீதிமன்றமே செல்லுபடியாகுமா என்று அவர்கள் அடிமட்டத்திலேயே கேள்வியை வைத்தார்கள். வழக்கு நிலைக்கவில்லை. 1976 முடிவதற்குள் திருச்செல்வமும், அடுத்த ஆண்டின் தொடக்க மாதங்களில் பொன்னம்பலமும் செல்வநாயகமும் மறைந்தார்கள்.

எதிரிக் கூண்டில் நின்ற அமிர்தலிங்கம் 1989 ஜூலை 13 அன்று கொழும்பில் தான் தங்கியிருந்த வீட்டில் சுட்டுக் கொல்லப்பட்டார். வாதாடிய இருவரின் மகன்மாருக்கு நேர்ந்ததை மேலே பார்த்தோம். ஒரு வழக்கில் ஒன்றாக நின்றவர்களின் அடுத்த கதை இப்படி மூன்று கொலைகளாக முடிந்தது.

*

நீலன் நீதிமன்றத்தில் வாதாடிப் பேர் எடுத்தவர் அல்லர். கொழும்பில் சட்டம் படித்து ஹார்வர்டில் கலாநிதிப் பட்டம் பெற்றவர். 1983 மார்ச்சில் வட்டுக்கோட்டைத் தொகுதி உறுப்பினராகப் பாராளுமன்றம் போனார். அதே ஆண்டு, பிரிவினைக் கோரிக்கையைத் தடை செய்த ஆறாவது திருத்தத்தின் சத்தியப்பிரமாணத்தை ஏற்க மறுத்த கூட்டணியினர் ஆசனங்களை இழந்தபோது அவரும் இழந்தார். 1994-இல் தேசியப் பட்டியல் வழியாகத் திரும்பி, சந்திரிகா அரசின் அதிகாரப் பகிர்வு யோசனைகளை வரைந்தவர்களில் ஒருவரானார். அதைவிட நீண்ட ஆயுள் உள்ள வேலை ஒன்றை அவர் 1982-இலேயே செய்திருந்தார். கின்சி டெரஸில் இயங்கும் சட்டம் மற்றும் சமூக அறக்கட்டளை, இனத்துவக் கற்கைகளுக்கான சர்வதேச நிலையம் இரண்டும் அந்த ஆண்டில் அவர் முன்னின்று தொடங்கியவை.

குமார் அதற்கு நேர்மாறு. பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் பிடிபட்ட பையன்களுக்காகக் கோர்ட் படி ஏறியவர். செம்மணியில் இராணுவத்தினரால் கொல்லப்பட்ட பள்ளி மாணவி கிருஷாந்தியின் வழக்கைக் கைவிடாமல் பின்தொடர்ந்தவர்களில் முக்கியமானவர். அந்த வழக்கில்தான் 1998 ஜூலை 3 அன்று கொழும்பில் இராணுவத்தினருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. அன்று தண்டனை பெற்ற ஒருவர், செம்மணியில் முந்நூறு, நானூறு உடல்கள் புதைக்கப்பட்டிருப்பதாகக் கூண்டிலிருந்தே சொன்னார். மறு ஆண்டு தோண்டியபோது 15 எலும்புக்கூடுகள் கிடைத்தன. செம்மணிப் பக்கம் அரியாலை சித்துப்பாத்தியில் 2025-இல் மீண்டும் தோண்டியபோது எண்ணிக்கை இருநூறைத் தாண்டியது.

கிருஷாந்தி வழக்கின் தீர்ப்பு வந்து பதினான்காம் நாள், 1998 ஜூலை 17, ரோம் நகரில் ஒரு வாக்கெடுப்பு நடந்தது. சர்வதேச குற்றவியல் நீதிமன்றத்தை உருவாக்கும் சாசனத்துக்கு 120 நாடுகள் ஆதரவு, 7 எதிர்ப்பு, 21 நடுநிலை. ஹேக் நகரில் ஏற்கெனவே இருந்த உலக நீதிமன்றத்தில் நாட்டுக்கு நாடுதான் வழக்கு. நம் நாட்டு நீதியரசர் சி. ஜி. வீரமந்திரி 1991 முதல் 2000 வரை அமர்ந்திருந்த ஆசனம் அங்கேதான். புதிய நீதிமன்றமோ ஆட்களை விசாரிக்க வந்தது. இனப்படுகொலை, மனிதகுலத்துக்கு எதிரான குற்றம், போர்க்குற்றம் ஆகியவற்றுக்குத் தளபதியும் தலைவரும் பெயர் சொல்லிப் பதில் கூற வேண்டும். அரசுப் படையா, அரசை எதிர்க்கும் படையா என்ற பேதம் அதில் இல்லை.

ஆனால் அந்தச் சாசனம் நடைமுறைக்கு வந்தது 2002 ஜூலை 1. அதற்கு முன் நடந்ததை அந்த நீதிமன்றம் தொடாது. இலங்கை இதுவரை அதில் சேரவும் இல்லை. ஆகவே நீலன் கொலையும் குமார் கொலையும் அதன் வாசலுக்கு ஒருபோதும் போகமாட்டா. சாசனம் எழுதப்பட்ட ஓராண்டு பன்னிரண்டு நாளில் ஒருவர் கொல்லப்பட்டார். மற்றவருக்கு அதிலிருந்து இன்னும் 160 நாள்.

*

ஜூலை 29-ஐ நீலனின் நண்பர்கள் நினைவுச் சொற்பொழிவு நாளாக்கினார்கள். குத்துவிளக்கு, மாலை, இரண்டு நிமிட மௌனம் என்று முடிந்துவிடாமல், ஒருவரை அழைத்துச் சட்டம் பற்றிப் பேசவைக்கும் வழக்கம். அவற்றில் அதிகம் வாதப்பிரதிவாதத்தைக் கிளப்பியது 2007-ஆம் ஆண்டுச் சொற்பொழிவு.

பேச வந்தவர் காரெத் எவான்ஸ். அவுஸ்திரேலியாவின் முன்னாள் வெளிவிவகார அமைச்சர். ‘பாதுகாக்கும் பொறுப்பு’ என்ற கோட்பாட்டை 2001-இல் வகுத்த ஆணைக்குழுவின் இணைத் தலைவர். ஒரு நாடு தன் மக்களைப் பெருங்குற்றங்களிலிருந்து காக்கத் தவறினால் அந்தப் பொறுப்பு உலகத்தின் தலையில் விழும் என்பது அதன் சாரம். 2005-இல் ஐ.நா. உச்சி மாநாடு அதை ஏற்றிருந்தது. அவர் பேசிய காலத்தை நினைத்துப் பாருங்கள். கிழக்கைக் கைப்பற்றிய வெற்றி விழாச் சத்தம் அடங்கவில்லை. மூதூரில் தொண்டு நிறுவன ஊழியர்கள் 17 பேர் கொல்லப்பட்டு ஓராண்டு நிரம்பப் போகிறது. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வெள்ளை வானைக் கண்டால் தாய்மார் பிள்ளைகளை உள்ளே அழைத்துக் கதவைச் சாத்திய காலம்.

ருவாண்டாவிலோ ஸ்ரெப்ரெனிட்சாவிலோ நடந்ததுபோல இங்கே இப்போது நடக்கவில்லை, ஆனால் அந்த நிலைக்குச் சரியக்கூடிய நாடு இது, ஆகவே தடுக்கும் வேலையை இன்றே தொடங்க வேண்டும், முதல் பொறுப்பு இலங்கை அரசுக்கே என்பது அவர் பேச்சின் கருத்து. படை அனுப்பச் சொல்லவில்லை. இருந்தும் அந்நியத் தலையீட்டுக்குக் கம்பளம் விரிக்கிறார்கள் என்று தென்னிலங்கையில் கண்டனம் எழுந்தது. இருபத்திரண்டு மாதம் கழித்து, போரின் முடிவில், முள்ளிவாய்க்கால். ஐ.நா. செயலாளர் நாயகம் நியமித்த நிபுணர் குழு 2011-இல் இரு தரப்பின் மீதும் நம்பத்தகுந்த குற்றச்சாட்டுகள் உண்டு என்று எழுதியது. இறந்த பொதுமக்கள் 40,000 வரை இருக்கலாம் என்றது.

நீலனின் வழியில் வந்த வேறொரு குரல் ஹேக் வரைக்கும் போனது. இனத்துவ நிலையத்தில் அவரோடு பணியாற்றிய ராதிகா குமாரசுவாமி, ஆயுத மோதல்களில் சிக்கிய சிறுவர்களுக்கான ஐ.நா. சிறப்புப் பிரதிநிதியானார். சர்வதேச குற்றவியல் நீதிமன்றத்தின் முதலாவது வழக்கு, கொங்கோவின் தோமஸ் லுபாங்கா 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகளைப் படையில் சேர்த்தார் என்பது. 2010 ஜனவரியில் ராதிகா அங்கே நிபுணர் சாட்சியம் அளித்தார். 2012 மார்ச்சில் லுபாங்கா குற்றவாளி எனத் தீர்ப்பு. ஜூலையில் 14 ஆண்டுச் சிறை. பிள்ளை பிடிப்பு என்றால் என்னவென்று வன்னிக்கும் மட்டக்களப்புக்கும் யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. அது வீரமும் அல்ல, விதியும் அல்ல, குற்றம் என்று உலகின் புதிய நீதிமன்றம் முதன்முதலாக எழுதிய வழக்கில் கொழும்புத் தமிழ்ப் பெண்ணின் சாட்சியமும் இருக்கிறது.

*

இனி வீட்டுக்குள் வருவோம். நம் தண்டனைச் சட்டக்கோவையில் கொலை உண்டு, கடத்தல் உண்டு. போர்க்குற்றம், மனிதகுலத்துக்கு எதிரான குற்றம் என்ற பெயர்களில் வழக்கிட அதில் பிரிவு இல்லை. கொட்டாஞ்சேனை, தெஹிவளைப் பக்கங்களில் 2008, 2009-இல் கடத்தப்பட்ட 11 பேரின் வழக்கு இதற்கு நல்ல உதாரணம். கடற்படையைச் சேர்ந்த 14 பேர் மீது குற்றப்பத்திரிகை வந்து ட்ரயல் அட் பார் அமைந்தது. 2021-இல், அந்தப் பட்டியலிலிருந்த முன்னாள் கடற்படைத் தளபதிக்கு எதிராக மேற்கொண்டு நடவடிக்கை இல்லை என்று சட்டமா அதிபர் அறிவித்தார். கீழே உள்ளவர் செய்ததற்கு மேலே உள்ளவர் எவ்வளவு பொறுப்பு என்பதே சர்வதேச குற்றவியல் சட்டத்தின் இதயம். நம் கோர்ட்டுகளில் அந்தக் கேள்வி வாசலோடு நின்றுவிடுகிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். கொலையும் தேசத்துரோகமும் தவிர மற்றக் குற்றங்களுக்கு நம் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டம் 20 ஆண்டுக் கெடு வைத்திருக்கிறது. 2009-இல் நடந்த சித்திரவதைக்கு 2029-இல் கதவு மூடும். ரோம் சாசனத்தின் குற்றங்களுக்கோ காலக்கெடுவே இல்லை.

ஆனால் கதவு முழுக்க அடைபட்டதாகவும் சொல்ல முடியாது. நமது 1978 அரசியலமைப்பின் 13(6) உறுப்புரை, செய்தபோது குற்றமாக இல்லாத ஒன்றுக்குப் பிறகு சட்டம் கொண்டுவந்து தண்டிக்கலாகாது என்கிறது. உடனே ஒரு விலக்கும் வைக்கிறது: நாடுகளின் சமூகம் ஏற்ற பொதுச் சட்டத் தத்துவங்களின்படி அன்றே குற்றமாக இருந்ததை விசாரிக்கத் தடை இல்லை. ஜே. ஆர். ஜயவர்தன காலத்து அரசியலமைப்பிலேயே இருக்கும் வரி இது. பாராளுமன்றம் மனம் வைத்தால் நாளையே அதன்மேல் ஒரு சட்டம் கட்டலாம்.

வெளிநாட்டுக் கோர்ட்டுகள் காத்திருக்கவில்லை. நீலனைப் போலவே சட்டம் படித்துக் கொழும்பில் கொல்லப்பட்ட இன்னொரு தமிழர், வெளிவிவகார அமைச்சர் லக்ஷ்மன் கதிர்காமர். 2005 ஆகஸ்ட் 12-இல் நடந்த அந்தக் கொலைக்குத் துணைபோனதாகப் புலிகளின் முன்னாள் உறுப்பினர் ஒருவருக்கு 2020 ஜனவரியில் ஜேர்மனியின் ஸ்ருட்கார்ட் நீதிமன்றம் ஆறு ஆண்டு பத்து மாதச் சிறை விதித்தது. பொரளைக்கும் பம்பலப்பிட்டிக்கும் இடைப்பட்ட ஒழுங்கையில் விழுந்த பிணத்துக்கு ஸ்ருட்கார்ட்டில் தீர்ப்பு.

*

கோர்ட்டுக்குப் போய்வந்தவர்களுக்குத் தவணை என்றால் தெரியும். அன்று விசாரணை நடக்காமல் போகலாம். நீதிபதி லீவில் இருக்கலாம், சாட்சி வராமல் இருக்கலாம். ஆனாலும் பெயர் கூப்பிடும்போது எழுந்து நிற்க வேண்டும். நிற்காவிட்டால் வழக்கு பட்டியலிலிருந்து விழுந்துவிடும். நம் நினைவு நாள்களை நான் அப்படித்தான் பார்க்கிறேன். ஜூலை 29 ஒரு தவணை. ஜனவரி 5 ஒரு தவணை.

குறை என்னவென்றால், இரண்டு தவணைக்கும் வெவ்வேறு கூட்டந்தான் எழுந்து நிற்கிறது. ஒன்றில் ஆங்கிலத்தில் உரை, மெல்லிய குரல். மற்றதில் கட்சிக் கொடி, கனத்த தமிழ். நீலனுக்காக வருகிறவருக்கு குமாரின் பெயர் தொண்டையில் நிற்கும். குமாருக்காக வருகிறவருக்கு நீலனின் பெயர். போர்க்குற்றம் என்று ஒருவர் மேசையைத் தட்டும்போது, யாருடைய கொலையை மட்டும் கணக்கில் எடுக்கிறார் என்று மற்றவர் பார்த்துக்கொண்டே இருக்கிறார். ரோமில் எழுதிய சட்டம் அந்தக் கணக்கை ஏற்பதில்லை. இறந்தவர் எந்தக் கட்சி என்று அது கேட்காது.

1976-இல் ஜி. ஜி. பொன்னம்பலமும் மு. திருச்செல்வமும் ஒரே வாங்கில் உட்கார்ந்தது சமரசமாகிவிட்டதால் அல்ல. எதிரே இருந்த வழக்கு அவர்களின் பழைய பகையைவிடப் பெரிதாக இருந்தது. கின்சி டெரஸ் மூலையிலிருந்து வெள்ளவத்தைக்கு பஸ்ஸில் போனால் அரை மணித்தியாலம் எடுக்கும். அந்த வாங்கு இன்னும் காலியாகத்தான் கிடக்கிறது.

அடுத்த வாரம்: அணுகுண்டு வழக்கில் மாற்றுத் தீர்ப்பு எழுதிய கொழும்பு நீதியரசர் வீரமந்திரி.

(தொடரும்)