சர்ப்ப போஜனம்

லண்டன் மாநகரத்து ரீஜண்ட்ஸ் பார்க்கிலுள்ள மிருகக்காட்சிசாலையில், பாம்பு, பல்லி, ஆமை முதலிய ஊர்வனவற்றுக்கென்றே தனியாக ஒரு கூடம் 1849-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. உலகத்தில் அவ்வகைக்கு அதுவே முதலாவது. அந்நாளில் அங்கிருந்த சர்ப்பங்களுக்கு உயிருள்ள முயல்களும், கினிப்பன்றிகளும், பறவைகளுமே ஆகாரமாக விடப்பட்டன. அது நிகழ்வதை ஜனங்கள் கண்ணாடிக்கு வெளியே கூடிநின்று பார்த்தார்கள். நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ் ஒருநாள் தற்செயலாக அதைக் கண்டுவிட்டு, அந்தக் கோரக்காட்சி தம் மனத்தை விட்டு அகலவில்லையென்று நண்பருக்குக் கடிதம் எழுதினார்.

பிராணிகளை வதைப்பதைத் தடுக்க 1824-இலேயே சங்கம் கண்ட நகரம் அது. ஆயினும் வண்டிக் குதிரைக்கும் சந்தை மாட்டுக்கும் பரிந்து பேசிய ஜீவகாருண்யம், மாமிசமின்றி வாழவியலாத பாம்பின் முன் வந்ததும், முயலுக்கு இரங்கினால் பாம்பு பட்டினி கிடக்க வேண்டுமே என்று திகைத்து நின்றது. ஆதலால் முதலில் மறைந்தது கொலையன்று, காட்சிதான். இரையிடும் வேளை பார்வையாளர் கண்ணுக்கு அப்பால் தள்ளப்பட்டது. செத்த இரையைக் கொடுப்பது வழக்கமானது அதற்குப் பின்னரே.

அவ்வழக்கம் நிலைத்ததற்குக் காரணம் பாம்பின் உடலமைப்பிலேயே இருக்கிறது. பிளவுபட்ட நாக்கு காற்றிலிருந்து கொணரும் வாசனையை மேல்வாயிலுள்ள ஜேக்கப்ஸன் உறுப்பு பகுத்தறிகிறது. மலைப்பாம்புகள் பலவற்றுக்கு உதட்டோரக் குழிகள் இரையின் உடற்சூட்டை உணர்த்துகின்றன. வாசனையும் வெப்பமும் இருந்துவிட்டால், இரை துடித்தாலென்ன, கிடந்தாலென்ன, அநேகமாகப் பாம்பு அதை ஏற்றுக்கொள்ளும். அன்றியும், கூண்டில் அடைபட்ட உயிருள்ள எலி, பசியற்றுக் கிடக்கும் பாம்பைக் கடித்துப் புண்ணாக்குவதும் உண்டு. எலிக்குக் காட்டிய தயை பாம்புக்கும் ரக்ஷையாயிற்று.

கருணைக்கு வேண்டிய சாதனத்தை அளித்தது மனிதரின் பசி. 1882-இல் டனீடின் என்னும் கப்பல், நியூஸிலாந்தில் உறையவைத்த ஆட்டு மாமிசத்தை ஏற்றிக்கொண்டு, பூமத்திய ரேகையின் உஷ்ணத்தைக் கடந்து, 98 நாட்களில் லண்டனை அடைந்தது. அந்தக் குளிர்க்கலை நாளடைவில் கப்பலிலிருந்து கடைக்கும், கடையிலிருந்து வீட்டுக்கும் வந்து சேரவே, இன்று மேல்நாட்டில் பாம்பு வளர்ப்போர், கரியமில வாயுவால் உயிர்நீக்கி உறையவைத்த எலிகளை மாதக்கணக்கில் சேமித்து வைக்கிறார்கள்.

இரையிடுவதற்கு முந்தின இரவே எலியை உறைபெட்டியிலிருந்து எடுத்துக் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்து, உள்ளே பனிக்கட்டி சிறிதும் எஞ்சாமல் இளகிய பின், பையோடு வெதுவெதுப்பான நீரில் இட்டு, உயிருள்ள எலியின் சூட்டுக்குக் கொணர்கிறார்கள். கொதிநீர் ஆகாது, சதை வெந்து கெடும். உறைதல் எல்லாக் கிருமிகளையும் கொல்வதில்லையாதலால், கைகளை நன்றாகக் கழுவுவதும் இக்கிரமத்தைச் சேர்ந்ததே.

எலி சாகவில்லையென்று யாரும் சொல்ல இயலாது. பாம்பை வளர்ப்பவர் அந்த மரணத்தின் பொறுப்பை ஏற்றே ஆகவேண்டும். ஆனால் தப்ப வழியற்ற கூண்டில் நடுங்கியபடி அது காத்திருக்கவில்லை. நீண்ட இடுக்கியின் நுனியில் தொங்கும் அவ்விரையை நாவால் துழாவி, கணப்பொழுதில் பாய்ந்து பற்றி, உயிரோடிருப்பதைப் போலவே சுற்றி இறுக்கி, பிறகு மெல்ல விழுங்குகிறது பாம்பு. அதன் சுபாவம் நிறைவேற ஒரு ஜீவனின் பயம் ஒருபோதும் தேவைப்பட்டதில்லை.