விறகுக்கு வந்த மரம்

சீமைக்கருவேலத்தைப் பற்றிப் பேச்செடுத்தாலே, "அதைக் காமராஜர் காலத்துலதான் கொண்டு வந்தாங்க", "அமெரிக்காக்காரன் சதி" என்று யாராவது சொல்லிவிடுவார்கள். பழைய வனத்துறைச் செய்தி வேறு. 1876-லேயே கர்னல் பெடோம் என்ற வன அதிகாரி, வறண்ட பகுதிகளில் நட இந்த மரத்தின் விதை வேண்டும் என்று சென்னை அரசின் வருவாய்த் துறைக்கு எழுதினார். ஜமைக்காவிலிருந்து விதை வந்தது. கடப்பா மாவட்டம் கமலாபுரத்தில் 1878-ல் நட்டார்கள்.

எதற்கு இந்த அவசரம்? விறகுதான். 1856-ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா வரை ரயில் ஓடத் தொடங்கியது. நிலக்கரி வேண்டுமென்றால் இங்கிலாந்திலிருந்தோ வங்காளத்திலிருந்தோ கப்பலில் வரவேண்டும், விலை கட்டாது. அதனால் நம்மூர் எஞ்சின்கள் விறகைத்தான் தின்றன. பாதையோரக் காடுகள் கரைந்தன, ஊர்களில் விறகு விலை ஏறியது. கடற்கரையில் சவுக்குத் தோப்புகள் பெருகியதும் இந்தப் பசியால்தான். சவுக்கு வளராத கட்டாந்தரைக்கு வேறொரு மரம் தேவைப்பட்டது.

ரயில் பின்னால் நிலக்கரிக்கு மாறிவிட்டது. மரம் மட்டும் தங்கிவிட்டது. விடுதலைக்குப் பிறகும் வறட்சி மாவட்டங்களில் விறகுக்காக அரசே இதைப் பரப்பியது. மிச்ச வேலையை ஆடு மாடுகள் பார்த்துக்கொண்டன: நெற்றைத் தின்று, சாணத்தில் விதையைப் போட்டு, கண்மாய் கண்மாயாகக் கொண்டு சேர்த்தன.

இப்போது ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் பக்கம் போய்ப் பாருங்கள். மழை பொய்த்த வருஷம் விவசாயக் கூலி இருக்காது. அப்போது கை கொடுப்பது கரிமூட்டம். வெட்டிய கட்டைகளைக் குவியலாக அடுக்கி, வைக்கோலோ தழையோ போட்டு, மேலே மண் பூசித் தீ வைப்பார்கள். காற்று அளவாகத்தான் போகவேண்டும். மண் எங்கேயாவது வெடித்தால் உடனே அடைக்கணும். இல்லையென்றால் கரிக்குப் பதில் சாம்பல்தான் மிஞ்சும். அதனால் ராத்திரியும் ஒருவர் காவல் இருக்கவேண்டும். நாலைந்து டன் விறகு போட்டால் ஒரு டன் கரி தேறும். அது இஸ்திரிப் பெட்டிக்கும் ஓட்டல் அடுப்புக்கும் லாரி ஏறும். வெட்டின மரம் மூன்று நான்கு வருஷத்தில் மறுபடி தழைத்துவிடும்.

2017-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை இதை வேரோடு அகற்றச் சொன்னது. அதே ஆண்டு சென்னை அமர்வு இடைக்காலத் தடை விதித்தது. கண்மாயை அடைத்துக்கொள்கிறது, மற்ற செடிகளை வளரவிடுவதில்லை என்ற குற்றச்சாட்டு உண்மைதான். இந்த மரத்தை நான் ஆதரித்து எழுதவில்லை.

ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். விறகு பொறுக்கும் பெண்ணின் உழைப்பு எந்தப் பொருளாதாரக் கணக்கிலும் ஒழுங்காக ஏறுவதில்லை. சொந்த நிலம் இல்லாத குடும்பத்துக்குப் பஞ்ச காலத்தில் வருமானமும் அடுப்புக்கு எரிபொருளும் இந்த முள்ளுக்காட்டிலிருந்துதான் வந்தன. அன்று ரயிலுக்கு விறகு வேண்டுமென்று மரத்தைக் கொண்டு வந்தவர்கள் ஊர்க்காரர்களைக் கேட்கவில்லை. இன்று பிடுங்கும்போதாவது, "இது போனால் எதை எரிப்பீங்க, எதை விற்பீங்க?" என்று அவர்களிடம் கேட்டுவிட்டு, அதற்கு மாற்று ஏற்பாடு செய்துவிட்டுப் பிடுங்கலாம்.